ஆயுதக் கூடத்தை மூடாதீர்கள்: அருங்காட்சியக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கும் ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 41 பேரை அழைத்துக்கொண்டு உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தேன். ஆயுதக் கூடத்தின் கதவு பூட்டியிருந்தது. பள்ளி மாணவர்களுக்கு அனுமதி இல்லை என்று கையால் எழுதிய தாள் ஒன்று பூட்டுக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. அலுவலகத்தில் விசாரித்தபோது, வரும் கல்வியாண்டிலிருந்து அந்தக் கூடமே இருக்காது, பொருள்கள் கிடங்குக்குப் போகின்றன, அந்த இடத்தில் ஒளி-ஒலிக் காட்சி அரங்கு அமைக்கக் குழு தீர்மானித்திருக்கிறது என்றார்கள். அரிவாளையும் வாளையும் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பதே அதற்குக் காரணம் என்றும் சொன்னார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கூடத்துக்கு மாணவர்களைக் கூட்டிவந்த வரலாற்று ஆசிரியை என்ற முறையில், இந்த முடிவைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிற எவருக்கும் அது தெரிந்த அச்சம்தான். கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்காக வகுப்பறையில் சண்டை மூண்டதைப் பார்த்திருக்கிறேன். புத்தகப் பையிலிருந்து அரிவாளை எடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு, அந்த இரவு முழுவதும் தூங்காமல் இருந்திருக்கிறேன். உங்கள் கூடத்தில் இருக்கும் வளரி என்ற வளைந்த எறியாயுதத்தின் முன் நின்று படம் எடுத்து, சாதிப் பாட்டுச் சேர்த்துக் கைபேசியில் பரப்பிய இளைஞர்களின் செய்கையும் என் கவனத்துக்கு வந்தது. ஆனால் என் மாணவனின் பையிலிருந்த அரிவாள் உங்கள் கூடத்தைப் பார்த்து வந்ததில்லை. அந்த மாணவன் அதற்கு முன் உங்கள் கூடத்துக்குள் காலே வைத்ததில்லை. அரிவாள் என்றால் வெட்டு என்ற ஒரே பொருளை அவன் சினிமாவிலிருந்தும் கைபேசியிலிருந்தும் கற்றிருந்தான். வேறு பொருளும் அதற்கு உண்டு என்று அவனுக்குக் காட்ட இந்த மாவட்டத்தில் எனக்கு இருந்த ஒரே இடம் உங்கள் கூடம்.

நான் கொல்லுப்பட்டறையில் வளர்ந்தவள். துருத்தியை இழுத்துக்கொண்டே வாய்ப்பாடு படித்தவள். கதிர் அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள், பனை ஏறுகிறவருக்குப் பாளை அரிவாள், விறகுக்கு வெட்டரிவாள், சமையலுக்கு அரிவாள்மணை, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆள் உயரத்துக்கு நிற்கும் அரிவாள் என்று என் அப்பா அடித்த ஒவ்வொன்றுக்கும் வேறு வளைவு, வேறு கனம், வேறு தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பை நீரில் முக்கிக் கெட்டியாக்குவது). பாளை அரிவாளுக்குத் தோய்ச்சல் ஒரு நொடி கூடினால் விளிம்பு உடையும், குறைந்தால் பாளை சீவும்போது மடங்கும் என்பார். அரிவாளைக் கையில் வாங்கிப் பார்த்தாலே அது எந்தத் தொழில்காரருக்கு அடித்தது, எந்தப் பக்கத்துப் பட்டறையில் அடித்தது என்று அவரால் சொல்ல முடியும். கருவியின் வடிவத்தில் அதைப் பிடித்தவரின் நிலமும் பிழைப்பும் தெய்வமும் பதிந்திருக்கின்றன என்பதை முதலில் எனக்குக் கற்பித்தது அந்த உலைமேடைதான். பல்கலைக்கழகம் அதற்குப் பிறகு வந்தது.

உங்கள் கூடத்தின் இரண்டாவது கண்ணாடிப் பெட்டியில் கட்டாரி ஒன்று இருக்கிறது. அதன் விவரப் பலகையில் "கத்தி, இரும்பு, முகலாயர் காலம்" என்று மூன்று விவரங்கள் மட்டுமே உள்ளன. அந்தக் கட்டாரியை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இரண்டு இரும்புச் சட்டங்கள் இணையாக ஓட, நடுவே குறுக்குப் பிடி இருக்கிறது. பிடித்த முட்டியின் நேர்முனையில் அலகு நிற்பதால், சாதாரணக் கத்தியைப் போல வீசாமல் கைக்குத்தாகவே இறக்க வேண்டிய ஆயுதம் அது. புறங்கையை மூடிக் காக்கும்படி, பாய்மரத் துணி காற்றில் புடைத்ததுபோல் வளைந்த தகடு ஒன்று அதில் எழுகிறது. அலகு தொடங்கும் இடத்தில் யாளி முகம் இருக்கிறது. இந்த வகைக் காப்புத் தகடு விஜயநகரக் காலத்துத் தென்னாட்டோடும், பிறகு தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையோடும் சேர்ந்தது. கோயில் தூணில் குதிரைமேல் பாயும் அதே யாளியைத்தான் ஆயுதம் செய்தவரும் செதுக்கியிருக்கிறார். பலகையோ அதை முகலாயருக்குக் கொடுத்துவிட்டது.

அலகைப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய பள்ளங்கள் ஓட, அடியில் ஆணிகளால் பிடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் இப்படி ஐரோப்பிய வாளின் அலகை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். கடல்வழி வந்த போர்த்துகீசியர் காலத்திலிருந்து அயல்நாட்டு அலகுகள் இந்தக் கரைக்கு வந்தன; நம் கைவினைஞர் அதை வாங்கித் தம் பிடியில், தம் யாளியின் வாயில் பொருத்தினார்கள். வணிகம், சிற்பம், போர் முறை எல்லாம் ஒரு முழ நீளத்துக்குள் சேர்ந்திருக்கும் இப்பொருளைக் காட்டி ஒரு பாடவேளை முழுவதும் நான் நடத்தியிருக்கிறேன். 1855இல் தஞ்சாவூர் மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததைக் காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த அரசை எடுத்துக்கொண்ட பிறகு, அந்த ஆயுதசாலையே சிதறியது. ஒரு பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது, இன்னொரு பங்கு கடல் கடந்து போனது. இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் தஞ்சாவூர்க் கட்டாரிகள் நல்ல வெளிச்சத்தில், முழு விவரத்துடன் நிற்கின்றன. நம் மண்ணில் மிஞ்சியதை நாம் கிடங்கில் அடைக்கப்போகிறோம்.

அடுத்து வளரி. அதற்கு நீங்கள் வைத்த பலகை "பழங்குடியினர் வேட்டைத் தடி, ஆஸ்திரேலிய பூமராங் போன்றது" என்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டுச் சாமி அறையில் வளரி ஒன்று சந்தனம் பூசி வைக்கப்பட்டிருந்தது; பன்னிரண்டு வயதில் அதைக் கையில் வாங்கியபோது, பிடிக்கும் முனை மெலிந்தும் மறுமுனை அகன்று கனத்தும் இருந்ததால் என் மணிக்கட்டு தாழ்ந்தது நினைவிருக்கிறது. மரத்தில் மட்டுமல்லாமல் இரும்பிலும் தந்தத்திலும் வளரி செய்திருக்கிறார்கள். வேட்டைக்கும் பயன்பட்டது, படைக்கும் பயன்பட்டது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருதுவே என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் நூறு கஜத்துக்குள் எந்தக் குறியையும் அது தவறாது என்றும் பதிவு செய்திருக்கிறார். பின்னர் அதே சின்ன மருதுவை வேட்டையாடும் படையில் தாமே இருக்க நேர்ந்ததையும், தொடை எலும்பு முறிந்த கைதியாக அவரைப் பார்த்ததையும் அதே நூலில் அவர் சொல்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளைய நாட்டில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை விதித்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன.

ஐயா, ஒரு மக்கள்கூட்டத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் இது. அதை "வேட்டைத் தடி" என்று எழுதும்போது எடுத்தவர்களின் கண்ணோடுதான் நாம் பார்க்கிறோம். பலகையில் உண்மை இல்லாத இடத்தைச் சாதிப் பெருமை வந்து நிரப்பிக்கொள்கிறது என்பதை என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். வெல்ஷ் எழுதியதும், கிளைவின் அறிக்கையும், கம்பெனியை எதிர்த்து நடந்த அந்தப் போரில் எத்தனை வகை மக்கள் சேர்ந்து நின்றார்கள் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், வளரியின் முன் நின்று தன் சாதிக்கு மட்டும் உரிமை கொண்டாட எவனுக்கும் எளிதாக இருக்காது. கூடத்தை மூடினால் அந்த உரிமைக் கூச்சலுக்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் போகும்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கூடத்துக்கு வெள்ளையடித்தபோது வாள்களுக்கும் ஈட்டி முனைகளுக்கும் சில்வர் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய உருக்கில் செய்த நல்ல வாளின் உடலில் நீரோட்டம்போல் வரிகள் தெரியும் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, அதைக் காட்ட நான் வாளருகே போனால், தகரப்பெட்டிக்கு அடித்ததுபோல் ஒரே வெள்ளை. அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் வரி இருக்கிறதா, தேய்த்து அழிக்கப்பட்டதா என்பது நிர்வாகத்துக்கே தெரியாது என்று அன்று பணியில் இருந்தவர் சொன்னார். ஒரு கொல்லரின் மகளுக்கு அதைக் கேட்க எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் ஊரோடு நிற்க வேண்டாம். ஆயுதத்தையும் கவசத்தையும் வைத்து உலகத்தைப் படிப்பிக்கலாம் என்பதை வகுப்பறையில் நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பசிபிக் பெருங்கடலில் கிரிபாட்டி என்று பவளத் திட்டுகளால் ஆன தீவு நாடு இருக்கிறது. அங்கே தோண்டினால் இரும்புத் தாது கிடைக்காது. தென்னையும் கடலும்தான் சொத்து. எனவே தென்னை நாரை முறுக்கிப் பின்னி உடல் முழுவதும் கவசம் செய்தார்கள், முள்ளம்பன்றிபோல் உடலெங்கும் முள் நிமிரும் பேத்தை மீனின் தோலை உலர்த்தித் தலைக்கவசம் ஆக்கினார்கள், கட்டையின் இரு ஓரத்திலும் சுறாப் பற்களை நாரால் கட்டி வாளாக்கினார்கள். அந்தக் கவசத்தின் முதுகுப் பலகை தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். எதற்காக என்று மாணவர்களிடம் கேட்டால் மழைக்கு, வெயிலுக்கு என்பார்கள். பின்னால் நின்று தம் வீரனுக்குத் துணையாகக் கல்லெறியும் உறவினரின் கல் அவன் தலையிலேயே படாமல் இருக்கத்தான். சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டால் கொன்றவர் குடும்பம் நிலத்தை ஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் காயப்படுத்துவதோடு நிறுத்துவதே அங்கே வழக்கம். துண்டு துண்டான திட்டுகளில் நிலம் எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு அந்த விதியின் கனம் புரியும். ஆயுதங்கள் வன்முறையை மட்டும் கற்பிக்கும் என்று நினைக்கிறீர்கள். ஒரு சமூகம் தன் வன்முறைக்குப் போட்ட வேலியையும் அவை காட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

அந்தச் சுறாப்பல் வாள்களுக்கு இன்னொரு பயனும் வந்தது. சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த அந்த ஆயுதங்களின் பற்களை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. இன்று அந்தத் தீவுகளைச் சுற்றிய கடலில் காணப்படாத இரண்டு சுறா இனங்களின் பற்கள் அவற்றில் இருந்தன. எவரோ நூறாண்டுக்கு மேல் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்கள் கட்டையின் ஓரங்களில் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து வாள் செய்தார்கள். கெட்டியாகத் தைத்த பருத்திக் கவசம் அணிந்தார்கள். இரும்புச் சட்டையோடு வந்த ஸ்பானியர்களே அந்த வெயிலுக்கும் அம்புக்கும் பருத்திக் கவசத்தைத் தேர்ந்தார்கள். அந்த வாளின் எஞ்சியிருந்த அசல் என்று கருதப்பட்டது 1884இல் மட்ரிட் அரச ஆயுதசாலைத் தீயில் எரிந்துபோனது. இன்று படங்களைப் பார்த்துத்தான் அதை மறுபடி செய்து பார்க்கிறார்கள். உங்கள் கிடங்கில் சென்ற மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கியதை நான் நேரில் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜாவாவின் கிரிஸ் குத்துவாளை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. மணமகன் அதை முதுகுப்புறம் இடுப்பில் செருகிக்கொண்டு மணமேடைக்குப் போகிறார், அலகின் வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் வரும். ஜப்பானில் வாள் அணிவதை அரசே 1876இல் தடைசெய்தது. 1945இல் போரில் தோற்ற பிறகு அந்நிய ராணுவம் வாள்களைக் குவியல் குவியலாகப் பறிமுதல் செய்தது. வன்முறைக்கு அந்த நாடு கொடுத்த விலை நாம் அறிந்தது. அப்படியிருந்தும் வாளை மறைத்து வைப்பதால் தீரும் என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை. கலைப்பொருளாகத் தகுதி பெற்ற ஒவ்வொரு வாளையும் பதிவு செய்து சான்று கொடுக்கிறார்கள். புதிதாக வாள் அடிக்க உரிமம் வேண்டும், மாதத்துக்கு இத்தனைதான் என்று வரம்பும் இருக்கிறது. ஷிமானே மாகாணத்தில் மண்ணுலையில் மணல் இரும்பை உருக்கும் பழைய முறையை 1977இல் மீண்டும் தொடங்கினார்கள். வாள் அங்கே இருக்கிறது, அதைச் சுற்றிச் சட்டமும் இருக்கிறது, அதை விளக்கிச் சொல்ல ஆளும் இருக்கிறார்கள். நான் கேட்பதும் இவ்வளவே.

அரிவாளோடு பிடிபட்ட அந்த மாணவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனைப் பள்ளியை விட்டு நீக்காமல் காப்பாற்றிய ஆண்டில்தான் உங்கள் கூடத்துக்கு அவனை அழைத்து வந்தேன். மற்றவர்கள் பீரங்கியருகே நின்றபோது அவன் கட்டாரிப் பெட்டியின் முன் நெடுநேரம் நின்றான். "இதை யார் டீச்சர் செஞ்சாங்க?" என்று கேட்டான். பலகையில் அரசரின் காலம் இருந்தது, செய்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவனிடம் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் தோய்ச்சலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். அன்றோடு அவன் மாறிவிட்டான் என்று எழுதினால் அது பொய். அதன் பிறகும் இரண்டு முறை சண்டை போட்டான், இரண்டு முறையும் கண்டிக்கப்பட்டான். ஆனால் அரிவாளைப் பற்றி அதுவரை அவன் கேட்டிராத கேள்வியை உங்கள் கண்ணாடிப் பெட்டி முன் நின்றுதான் கேட்டான். அந்தக் கேள்வியை ஒளி-ஒலிக் காட்சி கேட்கவைக்காது. இருட்டு அரங்கில் வாள்கள் மின்னி முரசு ஒலிக்கும்போது பிள்ளைகளுக்குக் கிடைப்பது சினிமா கொடுத்த அதே சிலிர்ப்புதான். நீங்கள் தவிர்க்க விரும்பியதும் அதைத்தான்.

ஆகவே நிர்வாகத்தையும் குழுவையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஆயுதக் கூடத்தை மூடும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். ஒளி-ஒலி அரங்குக்கு முன்புறக் காலி இடம் இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான தடையை உடனே நீக்குங்கள்; ஆசிரியர் உடன் வர வேண்டும், கூடத்துக்குள் கைபேசிப் படம் கூடாது என்று விதி வைத்தால் நானே அதை முதலில் ஆதரிப்பேன். விவரப் பலகைகளைத் தொல்லியல் அறிந்தவர்களையும் வரலாற்று ஆசிரியர்களையும் இன்னும் உலை மூட்டும் கொல்லர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் புதிதாகத் தமிழில் எழுதுங்கள். கட்டாரிக்குக் கட்டாரி என்றே பெயர் எழுதுங்கள், யாளியையும் ஐரோப்பிய அலகையும் சொல்லுங்கள், வளரியின் பலகையில் 1801இன் ஆயுதத் தடையைச் சொல்லுங்கள், எந்தச் சாதியின் தனிச் சொத்தாகவும் அதை எழுதாதீர்கள். பெயின்ட் அடிக்கப்பட்ட பொருள்களை இனி யாரும் உப்புத்தாளால் தொடக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட்டு, உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரை வரவழைத்துப் பார்வையிடச் செய்யுங்கள். கிடங்குக்கு ஏற்கனவே கொண்டுபோன பொருள்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பலகை எழுதும் வேலைக்கு ஊதியம் எதிர்பார்க்காமல் வர நான் தயார். என் அப்பாவுக்கு 78 வயது ஆகிறது. துருத்தி இழுக்க முடியாது, ஆனால் அலகைத் தட்டிப் பார்த்து அதன் பதத்தைச் சொல்ல இன்னும் முடியும், அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை இரண்டாவது வாரத்தில் அந்த 41 பேரையும் மறுபடி அழைத்து வருவதற்கான விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அதில் பார்வையிட வேண்டிய இடம் என்ற கட்டத்தில் ஆயுதக் கூடம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஜூன் முடிவதற்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியை